முதிய பட்ஜிக் கிளிகளும் முட்டையிடுதலும்

தெமட்டகொடையிலே பேஸ்லைன் வீதியை ஒட்டிய ஒழுங்கைகளில் மாலை வேளையில் நடந்து செல்பவர், வீட்டு முகப்புகளிலே தொங்கும் கம்பிக் கூடுகளினின்று எழும் கீச்சொலியைக் கேளாது போதல் அரிது. முற்றமும் மரமும் அற்ற நகர வீடுகளில் நாய் வளர்த்தல் எளிதன்று. பூனையையோ அயலார் பொறார். ஒரு பிடி தினையும் ஒரு கிண்ணம் நீரும் கொண்டு நிறைவுறும் இச்சிறு கிளிகளே நகரத்தாருக்கு ஏற்ற துணையாகிவிட்டன. இவற்றை நம்மவர் 'லவ் பேர்ட்ஸ்' என்று அழைப்பர். அப்பெயர் பொருந்தாது, அதற்குரியவை ஆபிரிக்கக் கிளிகள். நம் கூடுகளில் இருப்பது அவுஸ்திரேலியாவின் வறண்ட உள்நாட்டுக்குரிய பட்ஜரிகார் என்னும் பட்ஜிக் கிளியாகும். இதனை 1805 ஆம் ஆண்டில் ஜோர்ஜ் ஷோ என்பார் முதலில் விவரித்துப் பெயரிட்டார். 1840 இல் ஜோன் கூல்ட் என்னும் பறவை நூலார் இதனை உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். அதன் பின்னரே உலகெங்கும் இது பரவிற்று.

வீட்டிலே வளரும் பட்ஜி ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழ்தல் இயல்பு. பத்தைக் கடப்பனவும் உள. நான்கு வயதைத் தாண்டிய பெட்டையை முதியது எனக் கொள்ளலாம். அத்தகைய பெட்டை முட்டையிட்டதும் வீடே மகிழ்கின்றது. சிறுவர் எட்டி எட்டிப் பார்ப்பர். பெரியோர் அதனை நற்சகுனமாகக் கருதுவர். ஆனால் அந்த முட்டையே அப்பறவையின் உயிருக்கு உலை வைப்பதாக முடிதல் கூடும். அஃது எவ்வாறு என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் இப்பறவையின் பிறந்தகத்தை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அவுஸ்திரேலியாவின் உள்நாட்டிலே மழை நாள் குறித்து வருவதன்று. சில வேளை மாதக் கணக்காக வானம் வறண்டிருக்கும். பின்னர் ஒரு பெருமழை பெய்யும். புற்கள் முளைத்து விதை சொரியும். பட்ஜிக் கூட்டங்கள் அங்கே விரைந்து சென்று, மரப் பொந்துகளிலே முட்டையிட்டுக் குஞ்சு பொரித்து, வறட்சி மீண்டதும் வேற்றிடம் பெயரும். ஆகவே இப்பறவையின் உடல், பருவத்தைக் காட்டிலும் வாய்ப்பையே நோக்கி இயங்குகின்றது. நிறைந்த உணவு, நீர், இருண்ட பொந்து, துணையின் குரல் ஆகிய அறிகுறிகள் ஒருங்கு சேர்ந்தால் மூளை ஓமோன்களைச் சுரப்பித்துச் சூலகத்தை எழுப்பிவிடும்.

இவ்வறிகுறிகளுள் குரலின் ஆற்றல் வியக்கத்தக்கது. அமெரிக்க ஆராய்ச்சியாளர் பார்பரா புரொக்வே 1960 களிலே நடத்திய சோதனைகளில், ஆணின் காதற் கீச்சொலியைக் கேட்பதே பெட்டையின் சூலகம் வளர்ந்து முட்டையிடுதலைத் தூண்டுகின்றது எனக் கண்டார். கேம்பிரிட்ஜிலே ரொபர்ட் ஹைண்டும் அவருடன் ஆய்ந்தோரும், இப்பறவைகள் தொடர்ந்த இருளிலும் இனம் பெருக்க வல்லன என்பதை ஆராய்ந்து 1973 இல் எழுதினர். பொந்தின் இருளிலே வாழ்வைத் தொடங்கும் ஓர் உயிருக்கு இருள் தடையாகாமை இயல்பே அன்றோ?

இனி, கொழும்பிலே நிலைமை என்ன? நம் நகரம் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய ஏழு பாகையில் உள்ளது. ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையே ஒரு மணி நேர வேறுபாடேனும் இல்லை. இரு பருவக் காற்றுகளும் மழை தருகின்றன. கிண்ணத்திலே தினை ஒருநாளும் குறைவதில்லை. மின்விளக்கு இரவு பத்து மணி வரை எரிகின்றது. அருகிலே ஆண் பாடுகின்றது. இவை போதாவென்று, அன்புள்ளம் கொண்ட வீட்டார் வாய் குறுகிய மண்முட்டி ஒன்றையும் கூட்டினுள் தொங்கவிடுகின்றனர். பிறந்தகத்திலே அரிதாக வந்துபோகும் நற்காலம், இங்கே ஆண்டு முழுவதும் நீங்காது நிற்கின்றது. வறட்சி தரும் ஓய்வு நம் பெட்டைக்குக் கிடைப்பதேயில்லை.

ஓர் ஈட்டிலே பெட்டை நான்கு முதல் ஆறு முட்டைகளை, ஒருநாள் விட்டு ஒருநாளாக இடும். முட்டை ஒன்றின் நிறை இரண்டு கிராமுக்குச் சற்று மேல். பறவையின் நிறையோ முப்பது முதல் நாற்பது கிராம். ஐந்து முட்டைகளை இட்டு முடிப்பதற்குள் தன் உடல் நிறையின் மூன்றில் ஒரு பங்கை ஒத்த பொருளை அது வெளியேற்றிவிடுகின்றது. ஐம்பது கிலோகிராம் நிறையுள்ள தாய் ஒருத்தி பத்து நாட்களில் பதினைந்து கிலோகிராமுக்கு மேல் ஈன்றால் எவ்வாறிருக்குமோ, அதனை ஒத்தது இது.

முட்டை ஓடு பெரும்பாலும் கல்சியம் காபனேற்றினால் ஆனது. இதற்கென முட்டையிடுதற்கு முன்னரே பெட்டையின் நீண்ட எலும்புகளின் உட்குழியிலே கல்சியம் சேமிக்கப்படுகின்றது. உணவினின்று கிடைப்பது போதாதவிடத்து அச்சேமிப்பு கரைந்து ஓடாகின்றது. சேமிப்பும் தீர்ந்தால் எலும்பே கரையும். நாம் இடும் தினையிலோ 100 கிராமுக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம் கல்சியமே உண்டு. பொசுபரசு அதன் பல மடங்கு. தினையை மட்டும் உண்டு ஈட்டுக்கு மேல் ஈடாக முட்டையிடும் பெட்டை, கடன் வாங்கிக் குடும்பம் நடத்துவாரைப் போன்றது. இளமையிலே உடல் அக்கடனை ஒருவாறு தீர்த்துக்கொள்ளும். முதுமையில் எலும்பு மெலிகின்றது. கூட்டிலே பறக்க இடமின்றிக் கொழுப்பு மிகுகின்றது. முட்டையை வெளித்தள்ளும் தசைகள் தளர்கின்றன. கல்சியம் ஓட்டுக்கு மட்டும் உரியதன்று, தசை சுருங்குவதற்கும் அதுவே இன்றியமையாதது என்பதை மாணவர் நினைவிற் கொள்க. கல்சியம் குன்றியபோது ஓடும் மென்மையாகின்றது; அதனைத் தள்ளும் வலுவும் இல்லாதொழிகின்றது. ஒரு குறையினின்று இரு கேடுகள் விளைகின்றன.

இவ்விரண்டும் சேர்ந்த விளைவே முட்டை அடைப்பு. முதிய பெட்டைகளை இவ்விடர் பெரிதும் வருத்துகின்றது. பறவை இறகுகளைச் சிலிர்த்துக்கொண்டு கூட்டின் தரையிலே குந்தியிருக்கும். மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடும். முக்கும், எச்சம் வாராது, அன்றிப் பெரிய கட்டியாக வரும். அடைபட்ட முட்டை நரம்புகளை அழுத்துவதால் கால்கள் சோர்ந்து போதலும் உண்டு. இதனைக் கண்டவர் சிலர் எண்ணெய் தடவி விரலால் வயிற்றை அழுத்தி முட்டையை வெளியேற்ற முயல்வர். இது பெருந்தீங்கு. உள்ளே முட்டை உடைந்தால் ஓட்டுத் துண்டுகள் சூற்குழாயைக் கிழிக்கும். அன்றிக் குழாயே வெளிப்பிதுங்கிவிடும். செய்யத்தக்கது, பறவையைத் தனிப் பெட்டியில் இட்டு, 30 பாகை செல்சியசு அளவான வெம்மையும் ஈரக்காற்றும் அளித்து, அருகே நீர் வைத்து, அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டு செல்வதாகும். அவர் கல்சியத்தை ஊசி மூலம் ஏற்றுவர். வேண்டுமாயின் ஊசியால் முட்டையின் உள்ளீட்டை உறிஞ்சி அதனைச் சுருக்கி எடுப்பர். நாளைப் பார்ப்போம் என்று இருத்தல் தகாது. இத்துணைச் சிறிய உடல் ஓரிரு நாட்களுக்கு மேல் அவ்வருத்தத்தைத் தாங்குவதில்லை.

வேறு இடர்களும் உள. மஞ்சட்கரு சூற்குழாயினுட் புகாமல் வயிற்றறைக்குள் விழுந்து அழற்சியை உண்டாக்குவதுண்டு. அப்போது வயிறு வீங்கி மூச்சுத் திணறும். மெலிந்த எலும்பு சிறு வீழ்ச்சியிலும் முறியும்.

தடுக்கும் வழி எளியது. அதனைச் செய்ய மனம் இசைதலே கடினம். மண்முட்டியை அகற்றல் வேண்டும். கூட்டினின்று வெளியே விடும் வழக்கமிருந்தால், அலுமாரியின் மேலும் அட்டைப் பெட்டிகளிலும் பறவை பொந்து தேடாமற் பார்த்தல் வேண்டும். மாலை மங்கியதும் கூட்டை மூடிவிடுக. முழு இருள் பன்னிரண்டு மணி நேரமேனும் நிலைப்பதாக. முளைகட்டிய தானியமும் அவித்த முட்டையும் ஊட்டமானவையே; எனினும் அவை 'நற்காலம் வந்தது' என்று உடலுக்கு அறிவிப்பவையும் ஆகையால், முட்டையிடும் நோக்கமற்ற முதிய பெட்டைக்கு அவற்றை அளவோடு இடுக. ஆணைப் பிரித்தல் வேண்டுமோ என்று வினவுவர். பல்லாண்டு உடனிருந்த துணையைப் பிரிப்பது கூட்டமாக வாழும் இப்பறவைக்குத் துன்பமே. முட்டியை அகற்றியும் பயனில்லையாயின் மட்டும் அதனை மேற்கொள்ளலாம் என்பது எம் கருத்து. அடுத்த அறையிற் பாடும் குரலும் செவிக்கு எட்டும் என்பதை மறவற்க.

ஆணின்றிப் பெட்டை முட்டையிடாது என்பது பலரின் எண்ணம். நம் வீட்டுக் கோழி சேவலின்றி முட்டையிடுதலைக் கண்டும் இவ்வெண்ணம் நீங்கவில்லை! தனித்த பெட்டையும் கருவற்ற முட்டைகளை இடும். அவற்றை உடனுக்குடன் எடுத்தெறிதல் தவறு. இழந்ததை ஈடு செய்ய அது மேலும் இடும். ஏறக்குறைய மூன்று வாரம் அடைகாத்துத் தானே சலித்து விட்டகல விடுவதே முறை.

கல்சியத்திற்கு நம்மிடம் பொருளுக்குக் குறைவில்லை. நாட்டு மருந்துக் கடையிலே கடல்நுரை என்று விற்கும் கணவாய் ஓட்டைக் கம்பியிலே செருகிவிட்டால் பறவை வேண்டியபோது கொறித்துக்கொள்ளும். குரக்கனில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் உண்டு. தினையோடு அதனையும் கலக்கலாம். முருங்கையிலையும் நன்று. ஆயின், விற்றமின் டீ இன்றிக் கல்சியம் உடலிற் சேராது. அதனை வெயில் தரும். கண்ணாடிச் சாளரத்தின் ஊடாக வரும் வெயில் தாராது. ஆதலால் காலையிலே அரை மணி நேரம், நிழலுக்கு ஒதுங்க இடம் விட்டு, காகமும் பூனையும் அணுகாதவாறு கூட்டை வெளியிலே வைத்தல் வேண்டும். கல்சியத் துளிகளை வைத்தியர் கூறிய அளவுக்கு மேல் ஊற்றுதல் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இவையெல்லாம் செய்தும் முட்டையிடுதல் ஓயாத பெட்டைகள் சில உள. அவற்றிற்குச் சூலகத்தை உறங்கச் செய்யும் ஓமோன் மருந்துகள் இக்காலத்தில் உண்டு. அவை மிருக வைத்தியர் கையால் மட்டுமே தரத்தக்கவை. வீங்கிய வயிறெல்லாம் முட்டையெனக் கொள்ளுதலும் பிழை. பட்ஜி இனத்திலே சூலகத்திலும் சிறுநீரகத்திலும் கட்டிகள் தோன்றுதல் மிகுதி. ஒரு காலில் மட்டும் நொண்டுதல் அதற்கு ஓர் அடையாளம். முட்டையிடும் நிலையிலுள்ள பெட்டைக்கு மூக்குத்துளைகளைச் சூழ்ந்த தோல் கபில நிறமாகித் தடிக்கும், அஃது இயல்பு. நீலமாய் இருக்க வேண்டிய முதிய ஆணின் மூக்குத்தோல் கபிலமாக மாறினால், விரையிலே கட்டி தோன்றியிருத்தல் கூடும்; அதனையும் காலந்தாழ்த்தாது மிருக வைத்தியருக்குக் காட்டுக.