கண் சிமிட்டும் விளக்கு

துணி துவைக்கும் இயந்திரம் நீர் நிறைந்தவுடன் தானே குழாயை அடைக்கிறது. அதனுள் இருந்து ஆணையிடுவது நுண்கட்டுப்படுத்தி என்னும் சிறு சில்லு. இதுவும் ஒரு கணினிதான். எனினும் ஒரே வேலையைச் சலிப்பின்றித் திரும்பத் திரும்பச் செய்வதற்கென அமைந்தது.

பல பள்ளிகளின் அடல் டிங்கரிங் ஆய்வகங்களில் காணப்படும் ஆர்டுயினோ ஊனோ பலகையில் இத்தகைய சில்லு உள்ளது. மின்னணுவியல் பயிலாதவரும் கையாள வேண்டும் என்னும் நோக்குடன் ஆர்டுயினோ 2005ஆம் ஆண்டு இத்தாலியின் இவ்ரேயா நகரில் உருவாக்கப்பட்டது. ஊனோவின் சில்லில் நிரலுக்கான இடம் 32 கிலோபைட் மட்டுமே. கைப்பேசியில் எடுத்த ஒரு படம்கூட அதில் அடங்காது! ஆயினும் விளக்கொன்றைக் கண் சிமிட்டச் செய்ய அது தாராளமாகப் போதும்.

பலகையின் 8ஆம் முனையிலிருந்து ஒரு கம்பி 220 ஓம் மின்தடைக்குச் செல்கிறது. மின்தடையின் மறுமுனை சிவப்பு எல்.இ.டி. விளக்கின் நீண்ட காலுடன் இணைகிறது. குட்டையான கால் 'ஜி.என்.டி.' என்று குறிக்கப்பட்ட முனையைச் சேர்கிறது. கால்கள் இடம் மாறினால் விளக்கு எரியாது. மின்தடையை விட்டுவிட்டாலோ இழப்பு பெரிது. முனை தருவது 5 வோல்ட். விளக்குக்கு வேண்டியது ஏறத்தாழ 2 வோல்ட். மீதி 3 வோல்ட்டை மின்தடை ஏற்றுக்கொள்கிறது. 3ஐ 220ஆல் வகுத்தால் மின்னோட்டம் ஏறத்தாழ 14 மில்லி ஆம்பியர் எனக் கிடைக்கும். அது விளக்கு தாங்கக்கூடிய அளவு. மின்தடை இல்லையெனில் மின்னோட்டம் மிகுந்து, விளக்கும் பலகையின் முனையும் பழுதடையக்கூடும்.

இனி நிரல். 8ஆம் முனை மின்சாரத்தை வெளியே தரும் முனை என்பதை முதலில் ஒருமுறை அறிவிக்க வேண்டும். அடுத்து வரும் நான்கு ஆணைகள் ஓயாமல் சுழல்பவை: விளக்கை ஏற்று, 1000 மில்லி நொடி காத்திரு, விளக்கை அணை, 1000 மில்லி நொடி காத்திரு.

புதிதாகக் கற்போர் பலர் கடைசி ஆணையை மறந்துவிடுவர். அப்போது விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருப்பதாகத் தோன்றும். கம்பிகளைப் பிடுங்கிச் செருகியும், விளக்கை மாற்றியும் பயன் இராது. பிழை சுற்றில் இல்லை. சில்லு விளக்கை அணைக்கவே செய்கிறது. ஆனால் காத்திருக்கும்படி எவரும் சொல்லாததால், உடனே முதல் ஆணைக்குத் திரும்பி மீண்டும் ஏற்றிவிடுகிறது. நொடிக்கு 1 கோடியே 60 லட்சம் முறை துடிக்கும் கடிகாரத்தைக் கொண்ட சில்லுக்கு இது நொடியின் மிக நுண்ணிய பகுதியில் முடியும் வேலை. அந்த இருளைக் காண மனிதக் கண்ணால் இயலாது.

விடுபட்ட ஆணையைச் சேர்த்து நிரலை மீண்டும் ஏற்றியதும் விளக்கு சிமிட்டத் தொடங்கும். பின்னர் யு.எஸ்.பி. கம்பியைக் கழற்றி, 9 வோல்ட் மின்கலத்தைப் பலகையின் மின் இணைப்பில் பொருத்தினாலும் அது நிற்காது. நிரல் இப்போது சில்லின் நினைவகத்தில் இருக்கிறது. கணினிக்கு அங்கே வேலையில்லை.