உங்களுக்குத் தெரியுமா? 45 வயதில் உலக சாம்பியன்!

முகமது அலியிடம் அடிவாங்கிப் பட்டத்தைப் பறிகொடுத்த ஒருவர், அலி ஓய்வுபெற்று 13 வருடம் கழித்து அதே பட்டத்தை மறுபடி ஜெயித்தார். அவர் பெயர் ஜார்ஜ் ஃபோர்மன். அமெரிக்கக் குத்துச்சண்டை வீரர். 2025 மார்ச் 21 அன்று, 76 வயதில் காலமானார். முதல் தடவை கோபத்தால் வென்றார், இரண்டாவது தடவை பொறுமையால். அவரைப் பற்றிச் சில துளிகள்...

முதல் இன்னிங்ஸ்

★ பிறந்தது 1949 ஜனவரி 10, டெக்சாஸ் மாநிலத்தின் மார்ஷல் என்ற ஊரில். வளர்ந்தது ஹூஸ்டன் நகரின் ஃபிஃப்த் வார்டில். ஏழு பிள்ளைகள் இருந்த வீடு, சாப்பாட்டுக்கே திண்டாட்டம். படிப்பைப் பாதியில் விட்ட ஜார்ஜ், பதின்ம வயதில் தெருவில் போகிறவர்களை மடக்கிப் பணம் பறித்துக்கொண்டிருந்தார். பெரிய ஆளான பிறகும் இதை அவர் மறைத்ததில்லை.

★ ஒருநாள் வழிப்பறி செய்துவிட்டு ஓடியவர், ஒரு வீட்டின் தளத்துக்கு அடியில் புகுந்து ஒளிந்துகொண்டார். போலீஸ் நாய் மோப்பம் பிடித்துவிடுமோ என்று பயம். அங்கே தேங்கிக் கிடந்த சாக்கடைச் சேற்றை அள்ளி உடம்பெல்லாம் பூசிக்கொண்டு மூச்சுக் காட்டாமல் படுத்திருந்தார். தான் ஒரு திருடன் என்பது அந்தச் சேற்றில் கிடந்தபோதுதான் உறைத்தது என்று பின்னாளில் சொன்னார்.

★ அவரைக் கரையேற்றியது ஓர் அரசுத் திட்டம். ஏழை இளைஞர்களுக்குத் தொழில் கற்றுத்தர அதிபர் லிண்டன் ஜான்சன் காலத்தில் தொடங்கிய 'ஜாப் கோர்' பயிற்சி முகாமில் சேர்ந்தார். முதலில் ஆரிகன், பிறகு கலிஃபோர்னியா. முகாமிலும் அடிதடிதான். கலிஃபோர்னியாவில் டாக் பிராடஸ் என்ற பயிற்சியாளர் அந்தக் கைகளுக்குக் குத்துச்சண்டைக் கையுறை மாட்டிவிட்டார்.

★ அடுத்த சில ஆண்டுகளில் ஒலிம்பிக் தங்கம்! 1968 மெக்சிகோ ஒலிம்பிக் ஹெவிவெயிட் இறுதிப் போட்டியில் சோவியத் வீரர் யோனாஸ் செப்புலிஸை இரண்டாவது சுற்றிலேயே முடித்தார். அப்போது வயது 19. வென்றதும் சின்னதாக ஓர் அமெரிக்கக் கொடியை ஆட்டியபடி ரிங்கைச் சுற்றிவந்தார். சில நாள் முன்புதான் டாமி ஸ்மித்தும் ஜான் கார்லோஸும் இனவெறியை எதிர்த்துப் பதக்க மேடையில் முஷ்டி உயர்த்தியிருந்தார்கள். அதனால் கறுப்பினத்தவரில் பலருக்கு ஃபோர்மன் மேல் கோபம். தங்கம் வென்ற கையோடு வசவும் வாங்கினார்.

★ 1969 ஜூனில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்குள் வந்தார். அவரோடு பயிற்சிக் களத்தில் மோதியவர்களில் முன்னாள் சாம்பியன் சன்னி லிஸ்டனும் ஒருவர். சிரிக்காமல், பேசாமல், எதிராளியை முறைத்தே பாதி ஜெயிக்கிற வித்தையை அந்த முரட்டு மனிதரைப் பார்த்துத்தான் ஃபோர்மன் பழகிக்கொண்டார்.

★ 1973 ஜனவரி 22, ஜமைக்காவின் கிங்ஸ்டன். எதிரே அலியையே தோற்கடித்திருந்த உலக சாம்பியன் ஜோ ஃபிரேசியர். இருவருமே அதுவரை தோல்வி அறியாதவர்கள். ஃபிரேசியர்தான் ஜெயிப்பார் என்று பந்தயம் கட்டியவர்கள் அதிகம். இரண்டே சுற்றுகளில் ஆறு முறை ஃபிரேசியரைத் தரையில் சாய்த்தார் ஃபோர்மன். ஒரு குத்து ஃபிரேசியரின் கால்களைத் தரையிலிருந்தே தூக்கியது. ஆறாவது தடவை விழுந்து எழுந்ததும் நடுவர் போட்டியை நிறுத்திவிட்டார். உலகப் பட்டம் ஃபோர்மனுக்கு!

★ பிரபல போட்டி அமைப்பாளர் டான் கிங் அன்று ஃபிரேசியரின் காரில் அரங்கத்துக்கு வந்தார். திரும்பிப் போனது ஃபோர்மனோடு. வரும்போதும் போகும்போதும் சாம்பியனோடுதான் இருந்தேன் என்று அவரே பெருமையடித்துக்கொள்வார்!

★ பட்டம் வென்ற போட்டி இரண்டு சுற்று. டோக்கியோவில் ஹோசே ரோமனை வீழ்த்தியது ஒரே சுற்று. காரகாஸில் கென் நார்ட்டனுக்கு இரண்டு சுற்று. ஆக மூன்று உலகப் பட்டப் போட்டிகளுக்கும் சேர்த்து முழுதாக ஐந்து சுற்றுகூட ஆகவில்லை. 40 போட்டி, 40 வெற்றி, அதில் 37 நாக்-அவுட். நீண்ட நேரம் தாக்குப்பிடிக்க வேண்டிய தேவையே வராமல் போனதுதான் பிறகு வினையானது.

கின்ஷாசாவில் ஒரு விடியற்காலை

★ 1974 அக்டோபர் 30. ஜயர் நாட்டின் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) தலைநகர் கின்ஷாசா. அதிபர் மொபுட்டு தன் நாட்டின் பெயர் உலகுக்குத் தெரிய வேண்டும் என்று கஜானாவைத் திறந்துவிட, ஃபோர்மனுக்கும் அலிக்கும் தலா 50 லட்சம் டாலர் பேசப்பட்டது. குத்துச்சண்டையில் அதுவரை கேள்விப்படாத தொகை.

★ போட்டி நடக்க வேண்டியது செப்டம்பர் 25. பயிற்சியின்போது கூட ஆடியவரின் முழங்கை பட்டு ஃபோர்மனுக்குக் கண்ணுக்கு மேலே கிழிந்துவிட்டது. ஐந்து வாரம் தள்ளிவைப்பு. போட்டியை ஒட்டி ஏற்பாடாகியிருந்த இசை விழா மட்டும் தள்ளிப்போகவில்லை. ஜேம்ஸ் பிரவுன், பி.பி. கிங் எல்லாம் வந்து பாடிவிட்டுப் போனார்கள்.

★ மணி அடித்தது அதிகாலை நான்கு மணிவாக்கில்! அமெரிக்காவில் அப்போது இரவு நேரம். அங்குள்ள அரங்குகளில் திரையில் பார்ப்பவர்களின் வசதிக்காகத்தான் இந்த ஏற்பாடு.

★ ஃபோர்மன் தன் நாயை அழைத்துக்கொண்டு கின்ஷாசாவில் இறங்கினார். ஜெர்மன் ஷெப்பர்டு. முன்பு அந்த நாட்டை ஆண்ட பெல்ஜியக்காரர்களின் போலீஸ் வைத்திருந்ததும் அதே ஜாதி நாய்தான். நாயைப் பார்த்த மாத்திரத்தில் ஊர் முகம் சுளித்தது. அலியோ தெருவில் போகிறவர்களோடு கைகுலுக்கி, குழந்தைகளைத் துரத்தி விளையாடி ஊரையே தன் பக்கம் இழுத்துவைத்திருந்தார்.

★ அலிக்கு 32 வயது, ஃபோர்மனுக்கு 25. அலி உயிரோடு திரும்பினால் போதும் என்று அவர் ஆட்களே கவலைப்பட்டார்கள். இரண்டாவது சுற்றிலிருந்து அலி செய்தது யாரும் எதிர்பார்க்காதது. கயிற்றில் சாய்ந்துகொண்டு, முகத்தைக் கைகளால் மறைத்து, அடி அடி என்று விட்டுவிட்டார். கயிறுகள் தளர்வாக இருந்ததால் பின்னால் வளைந்து முகத்தைத் தப்புவிக்க முடிந்தது. குத்துகள் கைகளிலும் விலாவிலும் இறங்கின. நடுநடுவே 'இவ்வளவுதானா?' என்று காதில் சீண்டல் வேறு. சீண்டலுக்குப் பதிலாக ஃபோர்மன் இன்னும் ஓங்கி ஓங்கிக் குத்தினார். கும்மிருட்டிலும் புழுக்கம் குறையாத ஊர். ஐந்தாவது சுற்று தாண்டியபோது அவர் கைகள் தூக்கவே கனத்தன.

★ எட்டாவது சுற்று முடியச் சில நொடிகள். கயிற்றிலிருந்து விலகிய அலி சடசடவென்று குத்துகளை இறக்கினார். கடைசி வலதுகைக் குத்தில் ஃபோர்மன் அரைவட்டம் சுழன்று விழுந்தார். அவர் எழுவதற்குள் நடுவர் எண்ணி முடித்துவிட்டார். 81 போட்டிகள் ஆடிய ஃபோர்மன் வாழ்நாளில் நாக்-அவுட்டில் தோற்றது அந்த ஒரே முறைதான்.

★ தோற்றவருக்குச் சாக்குகளுக்குப் பஞ்சமில்லை. கயிறு தளர்வு, நடுவர் வேகமாக எண்ணினார், குடித்த தண்ணீரில் ஏதோ கலந்திருந்தது என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். வயது ஏற ஏற அதையெல்லாம் விட்டுவிட்டு, அலி தன்னைவிடக் கெட்டிக்காரர் என்று ஒப்புக்கொண்டார்.

★ அந்த அவமானத்தைப் போக்க 1975 ஏப்ரலில் டொரன்டோவில் ஒரே நாளில் ஐந்து பேரோடு வரிசையாக மோதினார்! காட்சிப் போட்டிதான். ரிங்குக்கு வெளியே உட்கார்ந்து அலி கேலி செய்துகொண்டே இருந்தார். போக்கிய அவமானத்தைவிடச் சேர்ந்த சிரிப்புதான் அதிகம்.

இடைவேளை: பத்து வருடம்

★ 1977 மார்ச், போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான். ஜிம்மி யங்கிடம் புள்ளிக்கணக்கில் தோல்வி. உடை மாற்றும் அறையில் உடல் சூடேறிச் சுருண்டவர், செத்துப் பிழைத்ததாக உணர்ந்தார். கடவுள் தன்னைத் திருப்பி அனுப்பியதாக நம்பினார். வெளியே வந்தவர் ரிங்கை விட்டே விலகினார். அப்போது வயது 28.

★ ஹூஸ்டனில் தெருமுனைகளில் பிரசங்கம் செய்ய ஆரம்பித்து, பிறகு ஒரு தேவாலயத்தின் போதகரானார். 1984-ல் ஏழைப் பிள்ளைகளுக்காக ஓர் இளைஞர் மையம் திறந்தார். அதை நடத்தப் பணம் போதவில்லை. ஊர் ஊராகப் போய் நன்கொடைக்குக் கையேந்தக் கூச்சம். தெரிந்த தொழிலுக்கே திரும்புவது என்று முடிவெடுத்தார்.

செகண்ட் இன்னிங்ஸ்

★ 1987 மார்ச் 9, கலிஃபோர்னியாவின் சாக்ரமென்டோ. 38 வயது, தொப்பை, மொட்டைத் தலை, 121 கிலோ. அலியோடு மோதியபோது இருந்ததைவிட 20 கிலோவுக்கு மேல் அதிகம். பத்திரிகைகள் சிரித்தன. அவரும் கூடச் சேர்ந்து சிரித்தார். சீஸ்பர்கர் தின்கிற தன்னைத் தானே கிண்டலடித்தார். முறைத்துக்கொண்டே திரிந்த பழைய ஆளா இவர் என்று எல்லோருக்கும் ஆச்சரியம்.

★ சுற்றுகளுக்கு நடுவே கிடைக்கும் ஒரு நிமிடத்தில் எல்லா வீரர்களும் மூலையில் ஸ்டூலில் உட்காருவார்கள். திரும்பி வந்த ஃபோர்மன் உட்காரவே மாட்டார். நின்றுகொண்டே தண்ணீர் குடிப்பார். கிழவனுக்கு மூச்சு வாங்குகிறதா என்று உற்றுப்பார்க்கும் எதிராளிக்கு அதுவே பதில்.

★ ஆட்டமும் மாறியிருந்தது. முன்பு வீசி வீசிக் குத்தியவர், இப்போது மார்புக்கு முன்னால் கைகளைக் குறுக்காகக் கட்டி அடிகளைத் தடுத்தார். இடதுகையால் 'ஜாப்' எனப்படும் நேர்க்குத்தைச் சலிக்காமல் விட்டுக்கொண்டே, மெதுவாக நடந்து நெருங்கினார். வலதுகையை நேரம் பார்த்துத்தான் எடுத்தார். கைகளைக் குறுக்கே கட்டும் வித்தை, கின்ஷாசாவில் அவர் மூலையில் உதவிக்கு நின்ற ஆர்ச்சி மூரின் பாணி.

★ தொடர்ந்து 24 வெற்றி. 1991 ஏப்ரலில் உலக சாம்பியன் ஈவாண்டர் ஹோலிஃபீல்டோடு மோத வாய்ப்பு. 42 வயதில் 12 சுற்றும் நின்றார், புள்ளியில்தான் தோற்றார். ஜெயித்தவருக்கு நிகராகக் கைதட்டல் கிடைத்தது.

★ 1993-ல் டாமி மாரிசனிடம் தோற்ற பிறகு, இனி எந்த அடிப்படையில் பட்டப் போட்டி என்று உலகக் குத்துச்சண்டைச் சங்கம் கைவிரித்தது. விடுவாரா? நெவாடா நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். தீர்ப்பு சாதகமாக வந்த பிறகே ரிங் ஏறினார்.

★ 1994 நவம்பர் 5, லாஸ் வேகாஸ். எதிரே மைக்கேல் மூரர்: 26 வயது, 35 போட்டியிலும் தோல்வி இல்லை, ஹெவிவெயிட் வரலாற்றின் முதல் இடதுகை சாம்பியன். ஃபோர்மன் அணிந்திருந்தது கின்ஷாசாவில் தோற்றபோது போட்ட அதே சிவப்பு டிரவுசர். அவர் மூலையில் நின்றவர் பயிற்சியாளர் ஏஞ்சலோ டண்டி. கின்ஷாசாவில் அலியின் மூலையில் நின்ற அதே டண்டி!

★ ஒன்பது சுற்று வரை மூரரே முன்னணி. மூன்று நடுவர்களின் அட்டையிலும் அப்படித்தான்: 88-83, 88-83, 86-85. ஃபோர்மனின் முகம் வீங்கிவிட்டது. ஆனால் அலட்டிக்கொள்ளவில்லை, அதே ஜாப், அதே நடை. பத்தாவது சுற்றில் ஜெயித்துக்கொண்டிருக்கும் நினைப்பில் மூரர் நேரெதிரே வந்து நின்றார். ஓங்கல் இல்லை, வீச்சு இல்லை. அரையடி தூரத்திலிருந்து ஒரு வலதுகைக் குத்து தாடையில் விழுந்தது. மூரர் மல்லாந்தார். ஃபோர்மன் மூலைக்குப் போய் மண்டியிட்டு ஜெபித்தார். பட்டம் பறிபோய் 20 வருடமும் ஆறு நாளும் ஆகியிருந்தன.

★ கடைசிப் போட்டி 1997 நவம்பரில், ஷானன் பிரிக்ஸுடன். 48 வயது. புள்ளியில் தோல்வி. பார்த்தவர்களில் பலர் ஃபோர்மன்தான் ஜெயித்தார் என்றார்கள். மொத்தக் கணக்கு: 81 போட்டி, 76 வெற்றி, 5 தோல்வி, 68 நாக்-அவுட்.

ரிங்குக்கு வெளியே

★ அமெரிக்காவில் இந்தத் தலைமுறைக்கு அவர் பெயர் தெரிந்தது சமையலறை வழியாக. கொழுப்பு வடிந்து ஓடும்படி சாய்வாக அமைந்த 'ஜார்ஜ் ஃபோர்மன் கிரில்' 10 கோடிக்கு மேல் விற்றது. பெயரைப் பயன்படுத்தும் உரிமைக்காக மட்டும் 1999-ல் சால்டன் நிறுவனம் 13 கோடியே 75 லட்சம் டாலர் மதிப்புக்கு ஒப்பந்தம் போட்டது. குத்துகள் தராத பணத்தைக் கோழி வாட்டும் கருவி தந்தது.

★ பிள்ளைகள் 12 பேர். அதில் ஐந்து மகன்கள்; ஐந்து பேருக்கும் பெயர் ஜார்ஜ்! ஏன் என்று கேட்டால், அலி, ஃபிரேசியர், நார்ட்டன் என்று இத்தனை பேரிடம் தலையில் அடிவாங்கினால் உங்களுக்கு எத்தனை பெயர் ஞாபகம் இருக்கும் என்று திருப்பிக் கேட்பார்.

★ கின்ஷாசா போட்டியைப் பற்றிய 'வென் வீ வேர் கிங்ஸ்' ஆவணப்படம் 1997-ல் ஆஸ்கர் வென்றது. பார்க்கின்சன் நோயால் தளர்ந்திருந்த அலிக்கு மேடைப் படியேறக் கைகொடுத்தவர் ஃபோர்மன். அதற்குள் இருவரும் நெருங்கிய நண்பர்கள்.

★ ஹெவிவெயிட் உலகப் பட்டத்தை மிகச் சிறிய வயதில் வென்றவர் மைக் டைசன்: 20 வயது, 1986-ல். மிக அதிக வயதில் வென்றவர் ஃபோர்மன்: 45 வயது, 299 நாள். அதற்கு முன் அந்தச் சாதனையை வைத்திருந்த ஜெர்சி ஜோ வால்காட் 1951-ல் பட்டம் வென்றபோது வயது 37. எட்டு வருடத்தை ஒரே குத்தில் தள்ளிவைத்தார் ஃபோர்மன்; அந்த எல்லையை இன்றுவரை எந்த ஹெவிவெயிட்டும் தாண்டவில்லை.