காவிரி வடிநில ஈரநிலங்களில் தவளைகளைக் கண்டறிதலும் இனங்காணலும்

ஆய்வுச் சுருக்கம்

காவிரி வடிநிலத்தின் வயல், வாய்க்கால், குளம் ஆகிய நன்னீர் நிலைகளில் வாழும் தவளைகளைக் களத்தில் கண்டறியும் முறைகளையும், அவற்றை இனங்காணப் பயன்படும் புறவடிவ, ஒலி அடையாளங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது. ஒரு தனிப் பண்பை மட்டும் கொண்டு இனப்பெயர் சூட்டுவது பிழைக்கு இடந்தரும் என்பதும், பெயரோடு சான்றையும் சேர்த்துப் பதிவதே பிற்கால ஆய்வுக்குப் பயன்படும் என்பதும் இதன் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: ஈரநிலம், தவளை, அழைப்பொலி, இனங்காணல், வகைப்பாட்டியல், களப்பதிவு.

முன்னுரை

இந்தியத் தவளைகளுக்கு அறிவியல் பெயர் சூட்டப்பெற்ற வரலாற்றில் சோழமண்டலக் கடற்கரைக்குத் தனி இடம் உண்டு. 1799இல் ஷ்னைடர் விவரித்த நீர்த்தவளையான யூஃப்ளிக்டிஸ் சயனோஃப்ளிக்டிஸ், தரங்கம்பாடியிலிருந்து ஐரோப்பாவுக்குச் சென்ற மாதிரிகளோடு தொடர்புடையது. 1834இல் லெசோன் விவரித்த பச்சைத் தவளையான யூஃப்ளிக்டிஸ் ஹெக்ஸாடாக்டைலஸ் புதுச்சேரியைச் சார்ந்தது. இவ்வளவு நீண்ட வரலாறு இருந்தும், இப்பகுதியின் வயல்வரப்பில் துள்ளும் ஒரு சிறு தவளையின் இனப்பெயரை உறுதியாகச் சொல்வது இன்றும் எளிதன்று. அதற்கான காரணத்தையும், களப்பணியாளர் கைக்கொள்ள வேண்டிய நெறிகளையும் இங்குக் காண்போம்.

காலமும் இடமும்

தவளையின் தோல் நீரை எளிதில் உட்புக விடுவது. எனவே அது வெயிலைத் தவிர்த்துப் பெரும்பாலும் இரவில் இயங்குகிறது. வடகிழக்குப் பருவமழை பெய்யும் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மாதங்களில், கதிரவன் மறைந்த பின்னுள்ள மூன்று மணி நேரம் தேடலுக்கு ஏற்றது. நெற்றி விளக்கின் ஒளியில் தவளையின் கண்கள் மின்னும். சிலந்தியின் கண்களும் அவ்வாறே மின்னுவதால் அருகில் சென்று உறுதிசெய்தல் வேண்டும்.

இடத்தைத் தெரிவு செய்வதிலும் வேறுபாடு உண்டு. சயனோஃப்ளிக்டிஸ் நீர்ப்பரப்பில் மிதந்து கிடக்கும். அச்சுறுத்தினால் நீரின் மேலேயே தத்திச் செல்லும். பச்சைத் தவளை நீர்த்தாவரங்கள் அடர்ந்த குளங்களை நாடும்; முதிர்ந்தபின் தாவரப் பொருளையும் மிகுதியாக உண்ணும் அரிய இயல்புடையது. மரத்தவளையான பாலிபெடேட்ஸ் மாகுலேட்டஸ் செடிகொடிகளிலும் வீட்டுச் சுவர்களிலும் ஒட்டியிருக்கும். நீருக்கு மேலே நுரைக்கூடு கட்டி முட்டையிடும். ஆதலால் நீரை மட்டும் தேடுபவர் மரத்தவளையைத் தவறவிடுவர்.

குரல் தரும் சான்று

மணலுக்குள் மறைந்து கிடக்கும் நுணல் தன் குரலாலேயே அகப்படுவதைப் பழமொழி நானூறு எடுத்துக்காட்டாக ஆள்கிறது. இன்றைய களஆய்வின் அடிப்படை உத்தியும் அதுவே. ஸ்ஃபேரோதீக்கா, யூபெரோடான் முதலிய பேரினத் தவளைகள் வறண்ட மாதங்களில் மண்ணுக்குள் புதைந்திருந்து மழையின்போது வெளிவருகின்றன. அவற்றின் இருப்பை முதலில் அறிவிப்பது குரலே.

பொதுவாக ஆண் தவளைகளே இணையை அழைக்கக் குரல் எழுப்புகின்றன. ஒவ்வோர் இனத்தின் அழைப்பொலியும் அதிர்வெண்ணிலும், துடிப்புகளின் எண்ணிக்கையிலும், இடைவெளியிலும் வேறுபடும். இருப்பினும் இரு வரம்புகளை மனத்தில் கொள்ள வேண்டும். முதலாவதாக, குரல் கேளாமை இனம் இல்லாமைக்குச் சான்றாகாது. அப்பருவம் அவ்வினத்தின் இனப்பெருக்கக் காலமாக இல்லாதிருக்கலாம். இரண்டாவதாக, தவளையின் உடல் வெப்பம் சூழலைப் பொறுத்தது. எனவே அழைப்பின் வேகமும் வெப்பநிலைக்கேற்ப மாறும். ஒலிப்பதிவோடு காற்றின் அல்லது நீரின் வெப்பநிலையைக் குறிக்காவிடில் இரு பதிவுகளை ஒப்பிடுவது பொருளற்றதாகிவிடும்.

புறவடிவ அடையாளங்கள்

நிறம் நம்பத்தக்க அடையாளம் அன்று. பெருந்தவளையான ஹோப்லோபேட்ராகஸ் டைகெரினஸின் ஆண், முதல் கனமழைக்குப் பின் மஞ்சள் நிறம் பெற்று, நீலக் குரற்பைகளுடன் தோன்றும். பிற காலங்களில் பழுப்பாகவோ மங்கிய பச்சையாகவோ இருக்கும். நிறத்தை மட்டும் நோக்குவோர் ஒரே விலங்கை இரண்டு இனங்களாக எண்ணக்கூடும்.

மாறாக, பாதத்தின் அமைப்பு நிலையானது. நீர்வாழ் தவளைகளின் பின்கால் விரல்களிடையே சவ்வு ஏறத்தாழ முழுமையாக இருக்கும். மரத்தவளையின் விரல்நுனிகள் வட்டத் தட்டுகளாக விரிந்திருக்கும். டைகெரினஸையும் அதனை ஒத்த ஹோப்லோபேட்ராகஸ் கிராசஸையும் பிரித்தறியப் பின்காலின் அடிப்புறத்தைக் காண வேண்டும். மண்ணைத் தோண்ட உதவும் மண்வெட்டி போன்ற பெரிய புடைப்பு கிராசஸுக்கு உண்டு.

முதுகுத்தோலும் துணைசெய்யும். டைகெரினஸின் முதுகில் நீளவாக்கில் தோல்மடிப்புகள் உள்ளன. சயனோஃப்ளிக்டிஸில் அவை இல்லை, சிறு பருக்களே உள்ளன. சொறித்தவளையான டட்டாஃப்ரைனஸ் மெலனோஸ்டிக்டஸுக்குத் தலையில் கருவிளிம்புடைய எலும்பு மேடுகளும், கண்ணுக்குப் பின்னே பருத்த நச்சுச் சுரப்பிகளும் காணப்படும். குறுகிய வாயுடைய மைக்ரோஹைலா ஆர்னேட்டாவின் முதுகில் கரும்பழுப்புக் கோலம் ஒன்று பின்னோக்கி விரிந்து செல்லும்.

பெயர்களின் சிக்கல்

மக்கள் வழக்கில் சொறித்தவளையும் சுவரில் ஒட்டும் மரத்தவளையும் தேரை என்றே வழங்கப்படுவதுண்டு. வேறு குடும்பங்களைச் சேர்ந்த இரண்டை ஒரே சொல் குறிப்பதால், செவிவழித் தகவலில் ‘தேரை’ என வருமிடத்து அது எங்கு வாழ்கிறது, எவ்வாறு முட்டையிடுகிறது என்பவற்றையும் கேட்டறிதல் இன்றியமையாதது.

அறிவியல் பெயர்களும் இச்சிக்கலுக்கு விலக்கல்ல. 1829இல் சாவகத் தவளை ஒன்றுக்குக் கிராவன்ஹார்ஸ்ட் இட்ட ‘ரானா லிம்னோகாரிஸ்’ என்னும் பெயரே இந்திய வயல்களின் சிறு தவளைகளுக்கும் நெடுங்காலம் வழங்கியது. மரபணுவும் அழைப்பொலியும் ஒப்பிடப்பட்ட பின்னரே, அப்பெயருக்குள் பல இனங்கள் மறைந்திருந்தமை தெளிவாயிற்று. தெற்காசிய இனங்கள் இன்று மினெர்வரியா என்னும் பேரினத்தில் வைக்கப்படுகின்றன. ஒலிப்பதிவோ மாதிரியோ படமோ இன்றி ‘லிம்னோகாரிஸ்’ என்று மட்டும் எழுதிவைத்த பழைய பட்டியல்கள் எந்த இனத்தைச் சுட்டின என்பதை இனி மீட்டறிய வழியில்லை. பார்த்தவரின் உழைப்பு உண்மையானது. ஆனால் சான்று எஞ்சாததால் பயன் அற்றுப்போயிற்று.

பதிவு நெறிகள்

ஒவ்வொரு காட்சிக்கும் ஐந்து கூறுகளைச் சேர்த்துப் பதிதல் நன்று: முதுகு, பக்கவாட்டு, பாதத்தின் அடிப்புறம் ஆகியவற்றின் படங்கள், ஒரு நிமிடமேனும் நீளும் ஒலிப்பதிவு, வெப்பநிலை, நாளும் நேரமும், இடமும் நீர்நிலையின் தன்மையும். ஐயம் இருப்பின் பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வது குறையன்று. அது நேர்மையான முடிவாகும்.

தவளையைக் கையால் தொடுவதைக் கூடியவரை தவிர்க்க வேண்டும். கொசுவிரட்டி பூசிய கை அதன் தோலுக்குத் தீங்கு தரும். ஒரு குளத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்லுமுன் காலணியின் சேற்றைக் கழுவி, கிருமிநீக்கி இட்டு உலர்த்துதல் கைட்ரிட் பூஞ்சை போன்ற நோய்கள் பரவாமல் தடுக்கும். பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் வனத்துறையின் முன் அனுமதி பெறல் வேண்டும்.

முடிவுரை

தவளைக்கால் வணிகத்தின் விளைவாக, டைகெரினஸும் ஹெக்ஸாடாக்டைலஸும் 1985இல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. இந்தியா 1987இல் ஏற்றுமதியைத் தடைசெய்தது. அவ்வினங்கள் ஓர் ஊரில் எவ்வளவு குறைந்தன, எவ்வளவு மீண்டன என்று கூற, அவ்வூரின் சான்றுடைய பழைய பதிவுகள் தேவை. இன்றைய களக்குறிப்பு வருங்கால ஆய்வாளரின் பழைய பதிவாகப் போகிறது. வகைப்பாடு மாறும், பெயர்கள் மீண்டும் மாறும். குரலும் படமும் இடமும் நாளும் சேர்ந்த குறிப்போ, எந்தப் பெயர் மாற்றத்திற்குப் பின்னும் மீளாய்வுக்கு உரியதாய் நிற்கும். எனவே இப்பகுதிக் கல்லூரிகள் மழைக்காலந்தோறும் தத்தம் ஊர்க் குளங்களில் இத்தகைய பதிவுகளைத் தொடர்ந்து திரட்டின், காவிரி வடிநிலத் தவளைகளைப் பற்றிய நம்பத்தக்க ஆவணம் உருவாகும்.