ஆண் மீனும் பெண்மை ஹார்மோனும்

மீனைக் கீறிச் சுத்தம் செய்யும் இல்லத்தரசியருக்குச் சினை இன்னதென்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் அச்சினைக்குள் நிறைந்திருக்கும் கருவுணவு சினைப்பையில் உண்டாவதன்று என்பதைப் பலர் அறியார். அதை ஆக்குவது ஈரல். சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோன் இரத்தத்தின் வழியே ஈரலுக்குச் சென்று அவ்வேலையைத் தூண்டுகிறது. ஈரல் விட்டெல்லோஜெனின் என்ற புரதத்தை ஆக்கி இரத்தத்தில் விடுகிறது; சினைப்பை அதை ஈர்த்துக்கொள்கிறது.

ஆண் மீனின் ஈரலுக்கும் இவ்வித்தை தெரியும். போதிய தூண்டுதல் இல்லாமையால் அது வாளாவிருக்கிறது, அவ்வளவே. அத்தூண்டுதல் வெளியிலிருந்து, மீன் வாழும் நீரின் வாயிலாகவே வந்துவிட்டால் என்ன ஆகும்?

கனடாவில், ஒண்டாரியோ மாகாணத்தின் வடமேற்கிலே, ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உள்ளன. அவற்றுள் 260ஆம் எண் ஏரியில் 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில், கருத்தடை மாத்திரையிலுள்ள செயற்கை ஈஸ்ட்ரோஜனை விஞ்ஞானிகள் கலந்தனர். எவ்வளவு தெரியுமா? ஒரு கிராமை நூறு கோடிக் கூறாக்கினால், லிட்டர் நீருக்கு அதில் ஐந்தாறு கூறுதான்!

அவ்வேரியில் ஃபாட்ஹெட் மின்னோ என்றொரு சிறு மீன் உண்டு, கெண்டைக்கு உறவு. கல்லடியில் இட்ட முட்டைகளைக் காத்து நிற்பது இதன் ஆண்தான். அந்த ஆண்களின் இரத்தத்தில் விட்டெல்லோஜெனின் ஆயிரக்கணக்கான மடங்கு பெருகிற்று. பெண்ணிடமோ அதை வாங்கிக்கொள்ளச் சினைப்பை இருக்கிறது. ஆணிடம் எங்கே போகும்? போக்கிடமற்ற புரதம் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிந்து அவற்றைப் பழுதாக்கியது. ஓயாது உழைத்த ஈரலின் அணுக்கள் பருத்தன. விந்தகமோ முதிர்ச்சியடையாமல் இளநிலையிலேயே நின்றுவிட்டது. சில ஆண்களின் விந்தகத்தினுள்ளே முட்டையணுக்களும் தோன்றின.

ஃபாட்ஹெட் மின்னோவின் ஆயுள் சில ஆண்டுகளே. புதுக் குஞ்சுகள் தோன்றாமற் போகவே, அவ்வினம் அந்த ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போயிற்று. அதை இரையாகக் கொண்ட பெரிய டிரவுட் மீன்களும் பின்னர்க் குறைந்தன.

இதைக் கேட்டு மாத்திரை ஒன்றின்மீதே பழி சுமத்துவது நேர்மையன்று. மனிதர் உடலில் இயற்கையாகச் சுரக்கும் ஈஸ்ட்ரோஜனும் சிறுநீரோடு சாக்கடையை அடைகிறது. சுத்திகரிப்பு நிலையங்கள் அதை முற்றும் நீக்குவதில்லை. இங்கிலாந்தின் ஆறுகளில், கழிவுநீர் வந்து கலக்கும் இடங்களுக்குக் கீழே, ரோச் என்னும் மீனின் ஆண்களில் இத்தகைய இருபால் விந்தகம் பரவலாகக் காணப்பட்டதை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது. அங்கே எவரும் சோதனைக்காக எதையும் கலக்கவில்லை.

260ஆம் ஏரியில் ஹார்மோன் கலப்பது 2003உடன் நின்றது. சில ஆண்டுகள் கழிந்தபின் மின்னோக்கள் அங்கே மீண்டும் பெருகின.