சவரக்கத்திக்குக் கைப்பிடி செய்வது எப்படி?

சமையலறையில் கிடக்கும் மடக்கு அரிவாள்மணையை ஒருமுறை விரித்துப் பாருங்கள். ஒரு பலகை, ஓர் அலகு, இரண்டையும் சேர்க்கும் ஓர் ஆணி. விரித்தால் அலகு நிமிர்கிறது. வேலை முடிந்ததும் பலகைமேல் படுத்துக்கொள்கிறது. பழைய பாணிச் சவரக்கத்தியும் இதே குடும்பம்தான். பலகை இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய தகடுகள் இரண்டு இருக்கும். அலகு அவற்றின் நடுவே போய்ப் படுக்கும். கொல்லர் கையால் அடித்துக் கொடுத்த அலகு ஒன்று உங்களிடம் இருக்கிறது, அதற்குப் பிடித் தகடுகளை நீங்களே வடிவமைக்கப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எங்கிருந்து தொடங்குவது?

பலர் நிறத்திலிருந்து தொடங்குகிறார்கள். கருங்காலியா, கொம்பா, பளபளக்கும் அக்ரிலிக்கா என்று யோசிப்பார்கள். அது கடைசிக் கேள்வி. முதலில் அந்தப் பிடி என்ன வேலை செய்கிறது என்று தெரிய வேண்டும்.

சவரம் செய்யும்போது யாரும் பிடியை இறுகப் பிடிப்பதில்லை. அலகுக்குப் பின்னால் ஒரு தண்டு நீள்கிறது; அதன் முடிவில் மேல்நோக்கி வளைந்த சின்ன வால். மூன்று விரல்கள் தண்டில் அமரும், சுண்டுவிரல் வாலில் நிற்கும். பிடியோ மேலே தூக்கியபடி சும்மா நிற்கும். அப்படியானால் அதன் வேலை இரண்டுதான்: விரித்திருக்கும்போது அலகின் எடைக்கு எதிர் எடையாக இருப்பது, மூடியிருக்கும்போது விளிம்புக்கு உறையாக இருப்பது. இரண்டாவதுதான் பெரிய வேலை. அரிவாள்மணையின் அலகு மடிந்து கிடக்கும்போது குழந்தையின் கால் படாமல் இருக்கிறதா என்றுதானே முதலில் பார்ப்போம்? அதனால் பிடியை மூடிய நிலையில்தான் வரைய வேண்டும்.

இனி வரைபடம். முதலில் விளிம்பின்மேல் டேப் சுற்றிவிடுங்கள். வேலை முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும். பிறகு அலகைக் காலண்டர் அட்டைமேல் வைத்து, சுற்றிக் கோடு போட்டு வெட்டுங்கள். தண்டில் கொல்லர் போட்ட துளை இருக்கும். அட்டையிலும் அதே இடத்தில் துளை போடுங்கள். இன்னொரு பெரிய அட்டையின்மேல் இதை வைத்துக் குண்டூசியால் குத்துங்கள். குண்டூசிதான் அச்சாணி. இப்போது அட்டை அலகை மெதுவாகச் சுழற்றினால் அதன் மூக்கு ஒரு வில்வட்டம் போடும். அந்த வட்டத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு வெளியேதான் ஆப்பு வர வேண்டும், உள்ளே வந்தால் மூக்கு ஆப்பில் இடிக்கும்.

ஆப்பு என்றால்? தகடுகளின் ஒரு முனையை அச்சாணி சேர்க்கிறது. மறுமுனையில் இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு துண்டு இருந்து அவற்றைப் பிரித்துப் பிடிக்கிறது. அதுதான் ஆப்பு. அதன் வழியாகவும் ஓர் ஆணி போகும்.

அடுத்து, மூடிய நிலையில் அலகு எங்கே படுக்கிறது என்று பார்த்துத் தகட்டின் வெளிக்கோட்டை வரையுங்கள். சவரக்கத்தியின் அகலத்தை அங்குலத்தின் எட்டில் இத்தனை பங்கு என்று சொல்வது வழக்கம். எட்டில் ஆறு என்றால் சுமார் 19 மில்லிமீட்டர். விளிம்பு தகட்டின் கீழ்க்கோட்டைத் தாண்டவே கூடாது. இரண்டு மூன்று மில்லிமீட்டராவது உள்ளே இருக்கட்டும். மேலே அலகின் முதுகு சற்று வெளியே தெரியலாம், தெரியவும் வேண்டும். திறக்கும்போது விரல் பற்றுவதற்கு அதுதான் இடம். தகட்டின் நீளம் பெரும்பாலும் 15 சென்டிமீட்டருக்குப் பக்கத்தில் வரும்.

இப்போது ஒரு கேள்வி எழ வேண்டும். மூடினால் அலகு கீழே போய்க்கொண்டே இருக்காமல் எப்படி நிற்கிறது? அரிவாள்மணையில் பலகை தடுக்கிறது. இங்கே அடியில் பலகை இல்லை, வெறும் இடைவெளி. விடை முதுகில் இருக்கிறது. சவரக்கத்தியின் அலகு விளிம்பில் மிக மெல்லியது, முதுகில் தடிமன். 19 மில்லிமீட்டர் அகலத்துக்கு முதுகு சுமார் 5 மில்லிமீட்டர் இருக்கும். மெல்லிய பகுதி இடைவெளிக்குள் இறங்கும். தடித்த முதுகு தகடுகளின் மேல்விளிம்பில் தட்டி நின்றுவிடும். விளிம்பு எதையும் தொடாமல் நடுவில் தொங்கும். முடியை வெட்டுகிற விளிம்பு எதிலாவது உரசினால் கூர் போய்விடும். இந்த ஏற்பாடு முழுவதும் அதற்காகத்தான்.

ஆகவே பிடியின் உயிர் ஆப்பின் தடிமனில் இருக்கிறது. தடிமன் அதிகமானால் தகடுகள் அகன்று, முதுகு நிற்காமல் அலகு ஆழமாக விழும். தடிமன் குறைந்தால் அலகு மேலேயே மாட்டிக்கொள்ளும், தகடுகளும் விறைத்து நிற்கும். அச்சாணிப் பக்கம் தண்டின் தடிமனும் அதன் இருபுறமும் வரும் உள் வாஷர்களும் சேர்ந்து தகடுகளைப் பிரித்து வைக்கின்றன. ஆப்புப் பக்கம் அவை நெருங்கி வருகின்றன. எனவே ஆப்பும் தகடுகளின் கடைசி முனையை நோக்கி மெலிய வேண்டும். ஒரே தடிமனில் வெட்டினால் தகடுகள் அதன்மேல் ஒட்டி உட்காராது, ஓரத்தில் சந்து தெரியும். உப்புத்தாளைக் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து, ஆப்பைக் கொஞ்சம் தேய்ப்பது, பொருத்திப் பார்ப்பது, மறுபடி தேய்ப்பது. எனக்குத் தெரிந்து இந்தத் தொழிலில் பொறுமை கேட்கும் இடம் இதுதான். மெருகேற்றுவதெல்லாம் கைப்பழக்கம்.

இப்போது பொருளுக்கு வரலாம். இங்கிலாந்தின் ஷெஃபீல்டிலும் ஜெர்மனியின் சோலிங்கனிலும் சவரக்கத்தித் தொழில் கொடிகட்டிப் பறந்த காலத்தில் கொம்புதான் அன்றாடப் பொருள். கொம்பு நம் நகம் போன்றதே, கெராட்டின். சூடாக்கினால் இளகும், அச்சில் வைத்து அழுத்திப் பூவும் பறவையும் பதித்தார்கள். ஷெஃபீல்டுக்காரர்கள் ஆப்பை ஈயத்திலும் செய்தார்கள். பிடி எடை கூடிச் சமநிலை சரியாகும். யானைத் தந்தத்தையும் ஆமை ஓட்டையும் இன்று தொடவே கூடாது, சட்டம் இடம் தராது. 1870இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற செல்லுலாய்டு இரண்டையும் அச்சு அசலாகப் போலச் செய்தது. அழகுதான். ஆனால் வயதானால் அது சிதைந்து அமில வாயு விடும். நடுவே கிடக்கும் எஃகு துருப்பிடிக்கும். புதிய கத்திக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். உலோகத் தகடும் வேண்டாம், எடை முழுவதும் பின்னால் இழுக்கும். விரித்த கத்தியை அச்சாணிக்குப் பக்கத்தில் விரலில் வைத்தால் நிற்க வேண்டும்.

முதல் முயற்சிக்கு எருமைக்கொம்பு நல்லது. 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு துண்டுகளை இருபக்க டேப்பால் ஒட்டி, ஒன்றாகவே துளையிட்டு, ஒன்றாகவே ரம்பத்தால் அறுத்து, ஒன்றாகவே அரத்தால் வடிவெடுங்கள். அப்போதுதான் இரண்டும் இரட்டைப் பிள்ளைகளாக வரும். மூக்கில் முகமூடி அவசியம். கொம்புத் தூள் நாறுவதோடு நுரையீரலுக்கும் ஆகாது. பிரித்த பிறகு உட்பக்கத்தையும் மெருகேற்றுங்கள். ஆணி அடித்துவிட்டால் அங்கே கை போகாது. முதலில் சின்ன போல்ட், நட் போட்டு முடுக்கி, மூடித் திறந்து பாருங்கள். அலகு நடுவில் விழாமல் ஒரு பக்கம் சாய்ந்தால் தகடு வளைந்திருக்கிறது என்று பொருள். கொம்பு என்றால் சூடான நீரில் சற்று வைத்து, எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் நேராகும்.

எல்லாம் சரியென்றால் போல்ட்டைக் கழற்றி 1.6 மில்லிமீட்டர் பித்தளைக் கம்பியைச் செருகுங்கள். இரு புறமும் வெளி வாஷர் போடுங்கள். வாஷருக்கு மேலே கம்பி ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக நீட்டியிருக்கும்படி வெட்டி, அரத்தால் சமமாக்குங்கள். பிறகு உருண்டைத் தலைச் சிறு சுத்தியலால், ஓங்கி அடிக்காமல், தட்டித் தட்டி, பக்கம் மாற்றி மாற்றிக் குமிழாக்குங்கள். ஓங்கினால் கம்பி உள்ளே வளையும், தகடும் விரிசல் விடும். ஆப்பாணியை முதலில் இறுக்குங்கள், அச்சாணியைக் கடைசியில். எவ்வளவு இறுக்கம் என்று அரிவாள்மணையே சொல்லும்: ஆணி தளர்ந்தால் அலகு ஆடும், இறுகினால் நிமிர்த்தக் காலால் மிதிக்க வேண்டும். இங்கே அலகை எந்தக் கோணத்தில் விட்டாலும் தானாக விழாமல் நிற்க வேண்டும். ஒரு விரலால் தள்ளினால் நகர வேண்டும்.

சவரம் முடிந்ததும் அலகை மட்டும் துடைத்துவிட்டு மூடிவிடாதீர்கள். தண்ணீர் தங்குவது அச்சாணிச் சந்தில். துரு தொடங்குவதும் அங்கேதான். தகடுகளின் நடுவே துணியை விட்டுத் துடைத்து, கொஞ்ச நேரம் திறந்தே உலரவிட்டு, ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். குளியலறையில் மட்டும் வைக்காதீர்கள். ஈரத்தில் கொம்பு வளையும்.