பனிமலைக் காவலர்

கனடா நாட்டின் மேற்குப் புறத்திலே வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது றொக்கி மலைத்தொடர். அதற்கு மேற்கே, நெடிய பள்ளத்தாக்கு ஒன்றினாற் பிரிக்கப்பட்டு, செல்கேர்க் மலைகள் நிற்கின்றன. பான்வ், ஜஸ்பர், யோஹோ, கிளேசியர் முதலான தேசிய பூங்காக்கள் இம்மலைகளிலே அமைந்தவை. பூங்கா என்றவுடன் பூச்செடியும் புல்வெளியும் நினைவுக்கு வருதல் இயல்பு. இவையோ, பெருவீதியை விட்டு அரைநாள் நடந்தால் மனிதக் குரல் கேளாத காடுகளும், பனியாறுகளும், மூவாயிரம் மீற்றருக்கு மேலெழும் பாறைச் சிகரங்களுமாகும். ஆண்டுதோறும் அங்கு செல்லும் இலட்சக்கணக்கான மக்களுட் பெரும்பாலோர் ஏரிக்கரையில் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்பிவிடுகின்றனர். எஞ்சிய சிலர் உள்ளே போகின்றனர். அச்சிலருள் ஒருவர் பாறையிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டாலும், வழி தவறி இருட்டில் அகப்பட்டாலும், பனிச்சரிவிற் புதையுண்டாலும் அவரைத் தேடிச் செல்வதையே தொழிலாகக் கொண்ட அலுவலர் உளர். தேசிய பூங்காக்களில் இப்பணி இன்று வருகையாளர் பாதுகாப்பு எனப்படும். அல்பேட்டா மாகாண அரசு 1978 இல் அமைத்த கனனஸ்கிஸ் பிரதேசத்தில் பொதுமக்கள் பாதுகாப்பு எனப்படும். பெயர் எதுவாயினும் வேலை ஒன்றே. இவர்களுட் சிலர் ஆண்டு முழுவதற்கும் நியமனம் பெற்றவர். வேறு பலர் கோடைக்கென்றோ குளிர்காலத்துக்கென்றோ மாதக் கணக்கில் அமர்த்தப்பட்டு, பருவம் முடிந்ததும் அனுப்பப்படுவோர்.

இத்தொழில் தோன்றிய வரலாறு துயர் நிறைந்தது. பூங்காக் காவலர் சேவை 1909 ஆம் ஆண்டிலே தொடங்கிற்று. அக்காலத்துக் காவலர் குதிரையேறிக் காடு சுற்றி, மரக்குடில்களில் இராத் தங்கி, காட்டுத் தீயையும் களவு வேட்டையையும் தடுத்தவர். சிகரங்களில் ஏறுவது அவர் வேலையன்று. அதனைக் கவனிக்க, கனேடிய பசிபிக் புகையிரதக் கம்பனி தன் விருந்தினருக்காக 1899 முதல் சுவிற்சர்லாந்து நாட்டு வழிகாட்டிகளை வரவழைத்து வைத்திருந்தது. அந்த ஏற்பாடு 1954 உடன் முடிவுற்றது. அதே ஆண்டு யூலை மாதத்தில், விக்டோறியா சிகரத்திலே மெக்சிக்கோவிலிருந்து வந்த மலையேறிகள் நால்வர் வழுக்கி வீழ்ந்து மாண்டனர். மறு ஆண்டு யூலையில், ரெம்பிள் மலையில், அமெரிக்கச் சிறுவர் எழுவரைப் பனிச்சரிவு வாரிக்கொண்டு போயிற்று. உடுப்பும் கருவியும் வழிகாட்டியுமின்றி ஏறிய பிள்ளைகள் அவர்கள்.

அரசு விழித்துக்கொண்டது. செர்மற் என்னும் சுவிஸ் கிராமத்தைச் சேர்ந்த வோல்ற்றர் பெரென் என்பவரைக் காவலர்க்கு ஆசிரியராக 1955 இல் நியமித்தனர். குதிரையிலே வளர்ந்த, கயிற்றைக் கன்று கட்டவன்றி வேறெதற்கும் பயன்படுத்தியறியாத மனிதரை அவர் பாறைச் சுவர்களுக்கு இட்டுச் சென்றார். அவர்களுட் பலர் அஞ்சினர் என்பதும், அஞ்சியவாறே கற்றனர் என்பதும் வியப்பன்று. பெரென் 1967 இல் மறையும்வரை பழக்கிய காவலரே இன்றைய மீட்புச் சேவைக்கு அத்திவாரமிட்டவர்.

கோடைக்கால வேலையை முதலிற் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பாறையிற் சிக்கியவரை மீட்பதற்கு முன்னாளில் எட்டுப்பத்துப் பேர் கயிறு கட்டி ஏறி, காயமுற்றவரைச் சுமந்து இறக்கவேண்டியிருந்தது; ஒருநாள், இருநாள் செல்லும். 1970களின் தொடக்கத்தில் பீற்றர் ஃபூர்மன் என்பவரும் விமானி ஜிம் டேவிசும் ஐரோப்பிய முறையொன்றைத் தழுவி, ஹெலிகொப்டரின் அடியிலே நீண்ட கயிறு பூட்டி, அதன் நுனியில் மீட்பாளரைத் தொங்கவிடும் வழக்கத்தைக் கொண்டுவந்தனர். கயிற்றை மேலே இழுக்கும் பொறி எதுவும் இல்லை. விமானி தொங்குபவரைச் சுண்டிவிடாது, மேசையளவு பாறைத் திட்டில் மெல்ல இறக்கவேண்டும்; காயமுற்றவரைப் பையிலிட்டுக் கட்டியபின், இருவரையும் அதே கயிற்றிலே பள்ளத்தாக்குக்குக் கொண்டுசெல்லவேண்டும். இதனால் நாட்கணக்கில் நடந்த வேலை நிமிடக்கணக்கில் முடிகிறது. எனினும் காற்றும் முகிலும் இருளும் இடங்கொடுத்தாலன்றி ஹெலிகொப்டர் எழாது. ஆகவே பழைய முறையில் ஏறவும் சுமக்கவும் அலுவலர் இன்றும் பழகிக்கொண்டேயிருக்கின்றனர். பூங்காவிலே மீட்கப்பட்டவரிடம் தனிக் கட்டணம் அறவிடுவதில்லை. நுழைவுச் சீட்டின் பணத்திலேயே அது அடங்கிவிடும். இது நல்ல ஏற்பாடு. செலவுக்கு அஞ்சி உதவி கேட்கத் தயங்குவோர், நேரத்தோடு உயிரையும் இழத்தல் கூடும்.

குளிர்கால வேலைதான் உண்மையிற் கடினமானது. றோஜர்ஸ் கணவாயில் ஒரு பருவத்தில் ஏறக்குறையப் பத்து மீற்றர் பனி பொழிகின்றது. அது ஒரே பொருளாகப் படிவதில்லை. ஒவ்வொரு புயலும் ஒவ்வொரு படையை விரிக்கின்றது. தெளிந்த குளிர் இரவுகளில் பனியின் மேற்பரப்பிலே இறகு போன்ற பளிங்குத் துகள்கள் முளைக்கும். பார்வைக்கு மிக அழகியவை. அடுத்த புயலில் அவை புதையுண்டு, மேற்படைக்கும் கீழ்ப்படைக்கும் இடையே ஒட்டாத ஒரு தளமாகி, வாரக்கணக்கிற் காத்துக் கிடக்கும். நிலத்தோடு ஒட்டிய முதற்பனியோ, றொக்கி மலைகளின் கடுங்குளிரிலே சீனி போன்ற பரல்களாக மாறி, இளவேனில் வரையும் இறுகாமல் இருப்பதுண்டு. முப்பது பாகை முதல் நாற்பத்தைந்து பாகை வரை சாய்ந்த சரிவிலே இத்தகைய தளத்தின்மேல் ஒருவர் சறுக்கிச் சென்றால், அவர் பாரமே போதும். சரிவு முழுவதும் பலகைபோல வெடித்துப் புறப்படும். எங்கள் மலைநாட்டில் மழைநாளில் மண் இளகிச் சரிவதை அறிந்த நேயர்கள் இதனை ஓரளவு ஊகித்துக்கொள்ளலாம். வேறுபாடு யாதெனின், இங்கே வானம் வெளுத்து வெயில் எறிக்கும் நாளிலும் சரிவு நிகழும்.

இதனை அறிய அலுவலர் செய்யும் சோதனை மிக எளியது. பனியிலே ஆழமாகக் குழி வெட்டி, அதன் சுவரில் முப்பது சதமமீற்றர்ச் சதுரமான ஒரு தூணைப் பிரித்து நிறுத்துவர். அதன் தலையிலே சவளின் அலகை வைத்து, மணிக்கட்டை மட்டும் அசைத்துப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து எனத் தட்டுவர். எத்தனையாவது தட்டில், எந்த ஆழத்தில், எவ்வாறு தூண் முறிகிறது என்பதைக் குறித்துக்கொள்வர். கனடாவில் மலைத்தொழில் புரிவோர் 1991 முதல் இத்தகைய குறிப்புகளை நாள்தோறும் தமக்குள் பரிமாறி வருகின்றனர். அவற்றிலிருந்தே ஐந்து படிகளைக் கொண்ட அபாய அறிவிப்பு உருவாகின்றது.

விபத்துக்குப் பின் மீட்பதிலும் பார்க்க, விபத்துக்கு முன் அறிவிப்பதற்கு இத்தனை உழைப்பு ஏன் என்று கேட்கலாம். விடை நேரக் கணக்கிலே இருக்கிறது. புதையுண்டவரைப் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைப்பர். அரைமணி கடந்தால் மூவரில் ஒருவர் பிழைப்பதே அரிது. எவ்வளவு விரைந்தாலும் ஹெலிகொப்டர் அதற்குள் வந்து சேருதல் அரிது. உடன் சென்ற தோழரே சமிக்ஞைக் கருவியாலும் துழாவும் கோலாலும் சவளாலும் தேடி எடுக்கவேண்டும். அலுவலர் வரும்போது பெரும்பாலும் உயிரைத் தேடி வருவதில்லை. இதனை அவர்கள் அறிவர், அறிந்தே போகின்றனர். இளம் வயதினரின் உடல்களைப் பனியிலிருந்து தோண்டி எடுத்த மனம் அன்றிரவு எவ்வாறு உறங்கும் என்பதைப் பற்றி முன்னாளில் எவரும் பேசியதில்லை. இப்போது பேசுகின்றனர்.

அறிவிப்பு மட்டும் போதாது என்பதை 2003 ஆம் ஆண்டு உணர்த்திற்று. அவ்வாண்டு பெப்ரவரி முதலாந் திகதி, றோஜர்ஸ் கணவாய்க்கு அண்மையில், பதினான்கு மாணவரும் மூன்று பெரியோரும் கொண்ட பாடசாலைக் குழுவொன்றின்மீது பனிச்சரிவு இறங்கிற்று. மாணவர் எழுவர் மாண்டனர். தற்செயலாக அவ்வழியே சென்ற மலை வழிகாட்டிகள் இருவர் முதலில் ஓடிவந்து தோண்டியிராவிடில் இழப்பு இன்னும் பெருகியிருக்கும். குழுவின் தலைவர் அறிவிப்பை அறியாதவரல்லர். ஆனால் பனியின் நிலையைக் கூறும் படி, நிலத்தின் அமைப்பைக் கூறுவதில்லை. மூன்றாம் படி என்ற அதே சொல், மரமடர்ந்த மென்சரிவில் ஒரு பொருளும், பெருமலையின் அடிவாரத்தில் வேறொரு பொருளும் தரும். எனவே மறு ஆண்டிலே, பனிச்சரிவுக்கு உட்படும் அளவைக்கொண்டு ஒவ்வொரு வழியையும் எளியது, கடினமானது, சிக்கலானது என மூன்றாக வகுத்து வெளியிட்டனர். சிறுவரை அழைத்துச் செல்லும் குழுக்கள் குளிர்காலத்திற் சிக்கலான வழியிற் செல்லவே கூடாது. கடினமானதில் தகுதி பெற்ற வழிகாட்டியோடுதான் செல்லலாம் என விதித்தனர்.

செய்தி கிடைத்தவுடன் அலுவலர் முதலிற் கேட்கும் கேள்வி, புதையுண்டவர் எத்தனை பேர் என்பதன்று. அவ்விடத்துக்கு மேலே இன்னும் சரியாத பனி எவ்வளவு தொங்குகிறது என்பதே. கேட்போர்க்கு இது கல்நெஞ்சமாகத் தோன்றலாம். 1910 மார்ச் 4 ஆம் நாள் இரவு அதே றோஜர்ஸ் கணவாயில், முந்திய சரிவு மூடிய புகையிரதப் பாதையைத் தொழிலாளர் துப்புரவு செய்துகொண்டிருந்தனர். எதிர்ப்புற மலையிலிருந்து இரண்டாவது சரிவு வந்தது. ஐம்பத்தெட்டுப் பேர் இறந்தனர். அவருட் பலர் யப்பானியத் தொழிலாளர். 1962 இல் அக்கணவாயூடாகப் பெருவீதி திறக்கப்பட்டபின், இராணுவத்தின் பீரங்கிகளாற் சுட்டு, வீதியை மூடி வைத்த நேரத்திலேயே பனியை வேண்டுமென்று சரியச் செய்கின்றனர். மீட்புக்குப் போகுமிடமெல்லாம் பீரங்கி இருப்பதில்லை. போவதா, காத்திருப்பதா என்பதை அலுவலர்தாம் நின்ற நிலையில் முடிவு செய்யவேண்டும். காத்திருந்த வேளையில் உறவினர் அழும் குரல் கேட்டாலும், அம்முடிவை மாற்றலாகாது.

இத்தகைய தீர்ப்பைப் பருவத்துக்குப் பருவம் அமர்த்தப்படும் ஒருவரிடம் ஒப்புவிப்பதில் இடர் ஒன்றுண்டு. பருவ அலுவலருட் பலர் ஏப்பிரல் முடிவில் வானொலிக் கருவியையும் சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வேலை தேடிப் போகின்றனர். அடுத்த பருவத்தில் அதே மனிதர் வருவார் என்னும் உறுதி இல்லை. பனிக்கோ அத்தகைய ஒப்பந்தம் எதுவும் இல்லை. அது நவம்பரிலேயே விழத் தொடங்கி, ஆபத்தான அடிப்படையை எவரும் நியமனம் பெறுமுன்னரே விரித்துவிடுகின்றது. ஆதலால் டிசெம்பரில் வந்து சேரும் அலுவலர், தமக்குமுன் இருந்தோர் எழுதிவைத்த குறிப்புகளை முதலாம் பக்கத்திலிருந்து வாசிக்கின்றார். பின்னர் சவளை எடுத்துக்கொண்டு மலைக்கு ஏறி, அடிநிலம் தெரியும்வரை ஒரு குழி வெட்டிப் பார்க்கின்றார்.