திருப்புலிவனத்துக்குப் பக்கத்திலேயே ஃபார்முலா கார் பறக்கிறது, தெரியுமா?

உத்திரமேரூர்ப் பக்கத்துக்காரர்களிடம் வெளியூர் விருந்தாளி வந்தால் கதை ஒன்றுதான்: குடவோலைக் கல்வெட்டு, வைகுண்டப் பெருமாள் கோயில், அப்படியே திருப்புலிவனம் வியாக்ரபுரீஸ்வரர். சரி, அதே காஞ்சிபுரம் மாவட்டத்துக்குள் உலகத்துப் பந்தய வீரர்கள் வந்து ஓட்டிவிட்டுப் போகும் ரேஸ் டிராக் ஒன்று இருக்கிறதே, அதை எத்தனை பேர் காட்டியிருக்கிறோம்? வாலாஜாபாத், ஒரகடம் வழியாக ஸ்ரீபெரும்புதூர் போய், பெங்களூரு நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் திரும்பினால் இருங்காட்டுக்கோட்டை. அங்கேதான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக். நீளம் 3.7 கிலோமீட்டர். வளைவுகள் 12!

இருங்காட்டுக்கோட்டை என்றால் எல்லாருக்கும் ஹூண்டாய்தான் நினைவு வரும். ஆனால் அங்கிருந்து சான்ட்ரோ வெளியே வந்தது 1998-இல். ரேஸ் டிராக்கில் கார்கள் ஓட ஆரம்பித்ததோ 1990-இல். அதாவது அந்த ஊரில் கார் செய்வதற்கு முன்பே காரை விரட்டிவிட்டார்கள்!

அதற்கும் முன்னால்? சோழவரம். 1953-இல் தொடங்கிய இதே கிளப் பல பத்தாண்டுகள் ரேஸ் நடத்தியது சென்னைக்கு வடக்கே இருக்கும் அந்த ஊரில், இரண்டாம் உலகப் போருக்காகப் போட்ட விமான ஓடுதளத்தில். இது நம் ஊர்க் கஞ்சத்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். ஃபார்முலா ஒன் ரசிகர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்ளும் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனும் போர்க்கால விமானத்தளம்தான். இலங்கையின் கட்டுகுருந்தையும் அப்படியே. போர் முடிந்ததும் உலகம் முழுக்க விமானத்துக்குப் போட்ட நீளமான தளங்கள் சும்மா கிடந்தன. வேகப் பைத்தியங்கள் சும்மா விடுவார்களா?

அந்தச் சோழவரத்தில் 1980-களில் நிஜமான ஃபார்முலா ஒன் கார் ஒன்றே ஓடியிருக்கிறது, தெரியுமா? என்சைன் என்ற பிரிட்டிஷ் அணி கட்டிய கார். ஓட்டியவர் விஜய் மல்லையா! பிற்பாடு ஃபோர்ஸ் இந்தியா என்று சொந்தமாக ஃபார்முலா ஒன் அணியே வைத்துக்கொண்டவர். மற்ற கதைகள் நமக்கு இங்கே வேண்டாம்.

இப்போது திருப்புலிவனத்துக்கு வருவோம். இங்கே வழிபட்டதாகச் சொல்லப்படும் வியாக்ரபாதர் சிவனிடம் என்ன வரம் கேட்டார்? வண்டு தொடும் முன் பூப்பறிக்க விடியலுக்கு முன்பே மரமேற வேண்டும், வழுக்கக் கூடாது, அதற்குப் புலிக்கால் வேண்டும் என்றார். கேட்டது பொன்னோ பதவியோ இல்லை, பிடிமானம்! ரேஸ்காரன் ஒவ்வொருவனும் கேட்கும் வரம் இதுதான். காய்ந்த தரையில் ஓடும் ரேஸ் காரின் டயரைப் பாருங்கள், ஒரு கோடுகூட இருக்காது, மொழுமொழு என்றிருக்கும். வழுக்கிவிடாதா? இல்லை! டயரில் பள்ளம் வெட்டுவது மழைத் தண்ணீரை வெளியேற்றத்தான். தண்ணீரே இல்லாதபோது பள்ளம் இருக்கும் இடமெல்லாம் தரையைத் தொடாத இடம். மொழுமொழு டயரில் ரப்பர் முழுக்கத் தரையோடு ஒட்டும். சூடேறினால் இன்னும் ஒட்டும். ரேஸ் தொடங்கும் முன் கார்கள் பாம்புபோல் வளைந்து வளைந்து வருவது பந்தா காட்ட இல்லை, டயரைச் சூடாக்க.

டயர் தலையெழுத்தையே மாற்றிய கதை ஒன்று. 2005, அமெரிக்காவின் இண்டியானாபோலிஸ். மிஷலின் டயர் அந்த டிராக்கின் வேகமான வளைவைத் தாங்காது என்று தெரிந்து, அதைப் போட்டிருந்த 14 கார்களும் ஒரு சுற்றோடு பிட்டுக்குள் போய்விட்டன. பந்தயத்தில் மிச்சம் ஆறே கார். அதில் நான்காவதாக வந்தவர் நம்ம கோவை நரேன் கார்த்திகேயன்! ஃபார்முலா ஒன்னில் புள்ளி எடுத்த முதல் இந்தியர். ஆறு பேரில் நாலாவதுதானே என்று உதடு பிதுக்குபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆறில் ஒருவராக இருப்பதற்கு அவர் பட்ட பாட்டை அவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

டயர் என்றதும் இன்னொன்று: நம்ம எம்.ஆர்.எஃப் 1946-இல் திருவொற்றியூரில் என்ன செய்து பிழைப்பைத் தொடங்கியது தெரியுமா? பொம்மைப் பலூன்! அதே கம்பெனியின் டயரில் ஓடித்தான் 2022-இல் ஸ்பெயின்காரர் எஃப்ரென் யாரேனா ஐரோப்பிய ராலி சாம்பியன் ஆனார்.

கோவைக் கரிவரதன் 1980-களின் கடைசியில் செய்த வேலை இன்னும் குறும்பானது. அம்மா அப்பா குழந்தைகளோடு கோயிலுக்குப் போகும் மாருதி 800-இன் 796 சிசி எஞ்சினை எடுத்து, ஒற்றை ஆள் உட்காரும் ரேஸ் காரில் பொருத்தி, ஃபார்முலா மாருதி என்று ஒரு வகுப்பையே உண்டாக்கிவிட்டார். வெளிநாட்டுக் கார் வாங்க வசதியில்லாத ஒரு தலைமுறை அதில்தான் ரேஸ் பழகியது. 1995-இல் விமான விபத்தில் போய்விட்டார். கோவை செட்டிபாளையம் டிராக்குக்கு அவர் பெயர்.

வந்து போனவர்களைக் கேளுங்கள். மைக்கேல் ஷூமாக்கரின் மகன் மிக் இருங்காட்டுக்கோட்டையில் ஓட்டியிருக்கிறார்! எம்.ஆர்.எஃப் சேலஞ்ச் என்ற பந்தயத் தொடரின் பட்டத்தை வென்ற முதல் பெண் ஜேமி சாட்விக், 2019 பிப்ரவரியில் பட்டத்தை உறுதி செய்ததும் இங்கேதான். பிறகு பெண்களுக்கான டபிள்யூ சீரிஸை மூன்று முறை வென்றார். நடிகர் அஜித்குமாரைப் பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. 2025 ஜனவரியில் அவர் அணி துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாம் இடம்.

இத்தனையிலும் எனக்குப் பிடித்தது பைக் ரேஸ்தான். காரணம், ஓடுவது நம் தெருவில் நிற்கும் அதே அப்பாச்சி! கண்ணாடி, இண்டிகேட்டர், சைடு ஸ்டாண்டு எல்லாம் கழன்றிருக்கும். ஆயில் கழற்றும் போல்ட்டை மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டியிருப்பார்கள். ஏன்? அந்த போல்ட் தளர்ந்து நாலு சொட்டு ஆயில் டிராக்கில் விழுந்தால் பின்னால் வருபவன் சறுக்கி விழுவான். அப்படி விழுந்த இடத்தில் மார்ஷல் காட்டுவது மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட கொடி. வெறும் மஞ்சள் என்றால் ஆபத்து, முந்தாதே. நீலம் என்றால் பின்னால் வேகமானவன் வருகிறான், வழிவிடு. கறுப்பில் ஆரஞ்சு வட்டம் என்றால் உன் வண்டியில் கோளாறு, உள்ளே வா. பெண்களுக்கென்று தனிப் பந்தயமும் உண்டு.

ஆபத்து இல்லாத விளையாட்டு இல்லை இது. 2023-இல் மட்டும் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் இரண்டு உயிர்கள் போயின, அதில் ஒன்று 13 வயதுப் பையன். ஆம்புலன்ஸ் தயாராக நிற்காமல் பந்தயம் தொடங்காது என்ற விதியைத் தாமதம் என்று யாராவது முணுமுணுத்தால் எனக்குக் கோபம் வரும்.

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் விளக்கு போட்டு ஃபார்முலா 4 ஓட்டினார்களே, அது இந்தியாவின் முதல் இரவு நேரத் தெருப் பந்தயம். பிரமாதம்தான். ஆனால் இருங்காட்டுக்கோட்டையில் கிளப் ரேஸ் பார்க்கும் சுகம் வேறு. நேர்சாலை ஓரம் நின்றால் மணிக்கு 200 கிலோமீட்டரில் வரும் கார் நூறு மீட்டரை இரண்டு விநாடிக்குள் கடந்துவிடும். கழுத்தைத் திருப்பும் முன் கார் போயிருக்கும், சத்தம் மட்டும் உங்களுக்கு! அதனால் நேர்சாலை முடிந்து வளைவு தொடங்கும் இடமாகப் பார்த்து நில்லுங்கள். பிரேக்கைக் கடைசியாகப் பிடிக்கும் தைரியசாலி யார் என்று அங்கேதான் தெரியும். 3.7 கிலோமீட்டரை ஒருவர் 100 விநாடியில் சுற்றினால் வளைவுகளையெல்லாம் சேர்த்தே சராசரி மணிக்கு 133 கிலோமீட்டர், போட்டுப் பாருங்கள்! தொப்பி, தண்ணீர், காதுக்குப் பஞ்சு மூன்றையும் மறக்க வேண்டாம். திரும்பும் வழியில் அதே நெடுஞ்சாலையில் உங்கள் மகன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினால், ஒரு அதட்டல் போடுங்கள்.